மாத்திரை விற்றவன் பெயரும் பாடத்தில் வேண்டும்

(மாணவர், ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



போதையும் பள்ளிக்கூடமும் என்ற பொருள் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். நான் டாக்டர் அல்ல; உபாத்தியாயரும் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கட்சி வேலைக்கு வந்தவன். உங்களுக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இந்தப் பொருளைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் என்னுடைய தவறும் கலந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தோழர் கட்சி ஆபீசுக்கு வந்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். பையனுடைய புத்தகப் பையில் வலி மாத்திரை இருந்ததாகச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "தோழர், நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்றார். நான் என்ன செய்தேன்? "பிள்ளையைக் கவனித்து வளர்க்க வேண்டாமா? உழைப்பாளி வர்க்கத்துக்கு இது அவமானம் இல்லையா?" என்று அரைமணி நேரம் அவருக்குப் பிரசங்கம் செய்தேன். அவர் தலைகுனிந்து கேட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு நான் போகவில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பையன் இறந்துபோனான். அதே மாத்திரைதான் காரணம். அப்போது இரண்டு நண்பர்கள் கூட இருந்திருக்கிறார்கள். அவன் கிடந்த கிடையில் குறட்டை விடுவதுபோல் சத்தம் வந்திருக்கிறது. "தூங்குகிறான்" என்று இருந்துவிட்டார்கள். உதடு நீலம் பாய்ந்ததும் போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். அவர்களை நான் திட்ட மாட்டேன். அவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அந்தக் குறட்டை உறக்கத்தின் சத்தமல்ல, மூச்சு அடங்குகிற சத்தம் என்று அவர்களுக்கு எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை. எந்த மேடையும் சொல்லவில்லை. என்னுடைய மேடையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அமெரிக்காவில் போய் நின்றேன். இந்த விஷம் மிகப் பெரிய அளவில் விளையாடிய நாடு அது. பள்ளிக்கூடத்தில் இதற்காகப் பாடம் நடத்திப் பார்த்து, அந்தப் பாடம் தோற்று, பாடத்தை மாற்றி எழுதிய நாடும் அதுதான். ஆகவே அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

அபினி இன மருந்து என்றால் என்ன?

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபினி. அதிலிருந்து மார்ஃபின் வருகிறது. மார்ஃபினை மாற்றிச் செய்தால் ஹெராயின். ஆக்ஸிகோடோன் என்ற மருந்தும் அந்தச் செடியிலிருந்து கிடைக்கும் சரக்கைக் கொண்டே தயாராகிறது. ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால் போன்றவற்றுக்குச் செடியே தேவையில்லை; ரசாயனத் தொழிற்சாலையிலேயே செய்துவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான். மூளையில் வலியை உணர்கிற இடத்தை அடக்குகின்றன. அதே நேரத்தில் மூச்சை நடத்துகிற இடத்தையும் அடக்குகின்றன. அளவு மீறினால் இருதயம் நிற்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிடும்.

தொடர்ந்து சாப்பிட்டால் பழைய அளவு போதாமல் போகும். நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வியர்க்கும், வாந்தியும் பேதியும் வரும், உறக்கம் இருக்காது. அந்த வேதனையிலிருந்து தப்பிக்கவே மறுபடியும் தேடுகிறான். "இன்பத்துக்காகச் சாப்பிடுகிறான்" என்று நாம் சொல்கிறோம். சில மாதங்களுக்குப் பிறகு அங்கே இன்பம் எதுவும் மிச்சமில்லை.

ஐந்து வாக்கியங்கள்

1980 ஜனவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஒரு வைத்தியப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. மொத்தம் ஐந்தே வாக்கியங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து அபினி இன மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் 4 பேர்தான் அடிமையானார்கள் என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக்குள், டாக்டரின் கண்ணெதிரே மருந்து பெற்றவர்களைப் பற்றிய கணக்கு அது. வீட்டுக்கு எடுத்துப் போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. ஆனால் பின்னால் வந்த கட்டுரைகள் அதையே அத்தாட்சியாகக் காட்டின. 2017-ல் அதே பத்திரிகையில் எண்ணிச் சொன்னார்கள்: அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608, அவற்றில் 70 சதவிகிதத்துக்கு மேற்பட்டவை "அடிமையாகும் அபாயம் அபூர்வம்" என்பதற்கு அதைச் சாட்சியாக வைத்தன.

பர்டியூ ஃபார்மா என்ற கம்பெனி சாக்லர் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. ஆக்ஸிகோடோனை மெதுவாகக் கரையும் மாத்திரையாகச் செய்து, ஆக்ஸிகான்டின் என்று பெயர் சூட்டியது. 1995-ல் சர்க்கார் அனுமதி கிடைத்தது. 1996-ல் கடைக்கு வந்தது. அடிமையாகிறவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று கம்பெனியின் விற்பனை ஆட்கள் டாக்டர்களிடம் சொன்னார்கள். 1996-ல் 318 பேராக இருந்த இந்தப் படை 2000-ல் 671 ஆயிற்று. முதல் தவணை மாத்திரைகளுக்கு இலவசச் சீட்டும் கொடுத்தார்கள். சாராயக்கடைக்காரன்கூட முதல் கிளாசை இலவசமாக ஊற்றி ஆள் பிடிப்பதற்குக் கொஞ்சம் கூச்சப்படுவான்! 1996-ல் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை 2000-ல் சுமார் 110 கோடி டாலராக ஏறியது.

மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் மாநிலம். முதுகு ஒடிய உழைத்தவர்கள்; சுரங்கங்கள் மூடப்பட்டு வேலை இழந்தவர்கள். வலி அவர்களுக்குப் புதிதல்ல. அங்கே கெர்மிட் என்றொரு சிற்றூர்; ஜனத்தொகை 392. அந்த ஊரில் ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் வந்து இறங்கிய வலி மாத்திரைகள் சுமார் 90 லட்சம்! 2007 முதல் 2012 வரை அந்த மாநிலத்துக்குள் மொத்த வியாபாரிகள் அனுப்பியவை 78 கோடி மாத்திரைகள். குழந்தை, கிழவர் உட்பட ஆளுக்கு 433. அதே ஆறு ஆண்டுகளில் அந்த மாத்திரைகளால் இறந்தவர்கள் 1,728 பேர். ஒரு சிறிய உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் எரிக் அயர் இந்தக் கணக்கைத் தோண்டி எடுத்து வெளியிட்டார். 2017-ல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கம்பெனிக்கு என்ன தண்டனை? 2007-ல், மருந்தைப் பற்றித் தவறான செய்தி பரப்பியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கம்பெனியும் அதன் மூன்று அதிகாரிகளும் 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். எவரும் சிறைக்குப் போகவில்லை. 2020-ல் கம்பெனி மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2025-ல் 740 கோடி டாலர் ஒப்பந்தம் என்று முடிவாயிற்று. சாக்லர் குடும்பத்தில் ஒருவர்மீதும் கிரிமினல் வழக்கு இல்லை. ஒரு மாத்திரைப் பட்டைக்காகப் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் தோழரின் மகனை இங்கே நினைத்துப் பாருங்கள்!

வகுப்பறைக்குள் வந்த போலீஸ்

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் டேர் என்ற பெயரில் ஒரு பாடத்திட்டம் ஆரம்பமாயிற்று. போலீஸ்காரர் சீருடையோடு வகுப்புக்கு வருவார். போதையின் கேடுகளைச் சொல்வார். பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள். பனியனும் சான்றிதழும் பெறுவார்கள். "வேண்டாம் என்று சொல்" என்பதே அந்தக் காலத்துக் கோஷம். ஜனாதிபதி ரீகனின் மனைவியே ஊர் ஊராகப் போய் அதைப் பிரசாரம் செய்தார். நாட்டின் பள்ளி ஜில்லாக்களில் முக்கால்வாசிக்கு டேர் பரவியது. அதைத் தொடங்கி வைத்த போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ், எப்போதாவது போதை உட்கொள்கிறவர்களையும் சுட்டுக் கொல்ல வேண்டும் என்று 1990-ல் செனட் சபையின் கமிட்டி முன்பே சொன்னார். அந்தப் பாடத்துக்குப் பின்னாலிருந்த மனப்பான்மை அது!

பலன் என்ன? ஆராய்ச்சியாளர்கள் பாடம் படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2003-ல் அமெரிக்க சர்க்காரின் தணிக்கை அலுவலகமே இதை அறிவித்தது. பின்னால் டேர்காரர்களே தங்கள் பாடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஏன் தோற்றது? பயமுறுத்தினால் பிள்ளை பத்து வயதில் பயப்படுவான். பதினைந்து வயதில், தெருவில் ஒருவன் கஞ்சா புகைத்துவிட்டு மறுநாள் உயிரோடு நடப்பதைப் பார்க்கிறான். "வாத்தியார் சொன்னது பொய்" என்று தீர்மானிக்கிறான். அன்று முதல் நாம் சொல்லும் உண்மையையும் அவன் நம்புவதில்லை. இன்னொன்றும் உண்டு. போலீஸ்காரரிடம் போய் "ஐயா, நான் பழகிவிட்டேன், என்னைக் காப்பாற்றுங்கள்" என்று எந்தப் பையன் சொல்லுவான்?

எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரி எங்கே நிற்கிறான் என்பதையே அந்தப் பாடம் பார்க்கவில்லை. சீருடைக்காரர் வகுப்பறையில் தெருமுனை வியாபாரியைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கம்பெனியின் ஆள் கோட்டும் டையும் அணிந்து டாக்டரின் வாசலில் நின்றான். விஷம் வீட்டு அலமாரியில், டாக்டர் சீட்டோடு, தாத்தாவின் முதுகுவலி மாத்திரையாக உட்கார்ந்திருந்தது.

செத்தவர்கள், கூட இருந்தவர்கள்

மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும், பழகிப்போனவர்கள் 2010-க்குப் பிறகு ஹெராயினுக்குத் திரும்பினார்கள். 2013 முதல் ஃபென்டனில் புகுந்தது. ஹெராயினைவிட அது சுமார் 50 மடங்கு வீரியமுள்ளது. 2 மில்லிகிராம், அதாவது சில உப்புக்கல் அளவே, ஒரு மனிதனைக் கொன்றுவிடலாம். கள்ள வியாபாரிகள் இதைக் கலந்து, அசல் மாத்திரை போலவே போலி மாத்திரைகளை அச்சடித்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் போதை மிகுதியால் இறந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் பேர்; அதில் சுமார் 82 ஆயிரம் பேர் அபினி இன மருந்துகளால் இறந்தவர்கள்.

மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். 14 முதல் 18 வயதுள்ளவர்களில் போதை மிகுதியால் இறந்தவர்கள் 2019-ல் 492, 2020-ல் 954, 2021-ல் 1,146. இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்! அப்படியானால் போதையைத் தொட்ட மாணவர்கள் இரண்டு மடங்கு ஆனார்களா? இல்லை. அந்த ஆண்டுகளில் பள்ளி மாணவரிடையே போதைப் பழக்கம் கூடவில்லை என்றே கணக்கெடுப்புகள் காட்டின. பிள்ளைகள் அதிகம் கெட்டுப்போகவில்லை. மாத்திரை அதிகக் கொடியதாகிவிட்டது. முன்பு ஒரு தவறு செய்த பிள்ளைக்குத் திருந்துவதற்கு அவகாசம் இருந்தது. இப்போது முதல் தவறே கடைசித் தவறாகிவிடுகிறது.

2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் மரணங்களை சர்க்காரின் நோய்த்தடுப்பு மையம் ஆராய்ந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் இறக்கும்போது, காப்பாற்றியிருக்கக்கூடிய இன்னொருவர் அருகில் அல்லது அதே வீட்டில் இருந்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்யவில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் ஓடிப்போன அந்த இரண்டு பையன்கள் கண்முன் வந்து நின்றார்கள்.

புதிய பாடம்

இவ்வளவு சாவுகளுக்குப் பிறகு அங்கே பாடம் மாற ஆரம்பித்தது. ஒஹையோ மாநிலம் 2014-ல் சட்டம் செய்து, வலி மாத்திரைகளின் அபாயத்தைச் சுகாதாரப் பாடத்தில் சேர்த்தது. ஒரிகன் மாநிலத்தில் பீவர்ட்டன் என்ற பள்ளி ஜில்லா, தன் மாணவர்கள் சிலரைப் போலி மாத்திரைக்குப் பறிகொடுத்த பின்பு, 2021-ல் போலி மாத்திரை பற்றியே தனிப்பாடம் தயாரித்தது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம், டேர் பிறந்த அதே நகரத்தில், 2022-ல் பள்ளிகள் எல்லாவற்றிலும் நலாக்சோன் மருந்தை வைக்க முடிவு செய்தது. டெக்சஸ் மாநிலம் 2023-ல் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் ஃபென்டனில் பற்றிப் பாடம் நடத்தச் சட்டம் செய்தது.

நலாக்சோன் என்பது மாற்று மருந்து. மூளையில் அபினிச் சரக்கு உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்கிறது. மூக்கில் பீய்ச்சும் புட்டியாகவும் வருகிறது. 2023-ல் அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் விற்க அனுமதித்தார்கள். 2024-ல் போதை மிகுதிச் சாவுகள் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தன. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பாடம் ஒன்றே காரணமென்று சொல்ல மாட்டேன். கை நிறையக் கிடைத்த மாற்று மருந்தும் ஒரு காரணம்.

ஆனால் இந்தப் புதிய பாடத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கார்டினல் ஹெல்த் என்பது நாட்டின் மூன்று பெரிய மருந்து மொத்த வியாபாரக் கம்பெனிகளில் ஒன்று. மாத்திரைகளைக் கண்மூடி அனுப்பியதற்கான வழக்குகளில் இந்த மூன்று கம்பெனிகளும் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரை கொடுப்பதாக 2022-ல் ஒப்பந்தமாயிற்று. தவறு செய்ததாக அவை ஒப்புக்கொள்ளவில்லை. அதே கார்டினல் ஹெல்த்தின் அறக்கட்டளை, ஒஹையோ பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, மருந்துகளைத் தவறாக உபயோகிக்காதீர்கள் என்று மாணவர்களுக்குப் பாடம் தயாரித்துக் கொடுக்கிறது!

அந்தப் பாடத்தில் உள்ளது பொய் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் சாப்பிடாதே, பிறர் மருந்தைத் தொடாதே என்பவை சரியான புத்திமதிகளே. ஆனால் 392 பேர் வாழும் ஊருக்கு 90 லட்சம் மாத்திரை ஏன் போயிற்று என்ற கேள்விக்கு அத்தகைய பாடத்தில் இடம் உண்டா? விற்றவன் பாடம் எழுதினால், வாங்கியவனின் குற்றம் மட்டும்தான் பாடத்தில் இருக்கும். மாணவனுக்கு அரை உண்மை கிடைக்கும். கம்பெனிக்கு முழு நல்ல பெயர் கிடைக்கும்.

நமக்கும் இதற்கும் என்ன?

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் பாடு" என்று யாரும் எழுந்து போக வேண்டாம். அபினியின் கணக்குப் புத்தகத்தில் நம் நாட்டுப் பக்கம் பழையது. 1773-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து அபினியைத் தன் ஏகபோகமாக்கியது. பீகார் விவசாயியை முன்பணத்தால் கட்டிப்போட்டுக் கசகசா பயிரிடச் செய்தது. அந்தச் சரக்கு சீனாவுக்குள் கள்ளத்தனமாகப் போயிற்று. சீனம் தடுத்தபோது 1839-ல் இங்கிலாந்து பீரங்கிக் கப்பல்களை அனுப்பியது. 1842-ல் ஹாங்காங்கைப் பறித்துக்கொண்டது. மார்க்ஸ் 1858-ல் நியூயார்க் பத்திரிகையில் இந்த வியாபாரத்தைத் தோலுரித்துக் காட்டினார். கம்பெனி அன்று 1820-ல் காஜிப்பூரில் ஆரம்பித்த அபினித் தொழிற்சாலை இன்று இந்திய சர்க்காரின் கையில் மருந்துக்காக ஓடுகிறது.

மக்கள் சீனம் 1950 பிப்ரவரியில் அபினியைத் தடை செய்தது. கசகசா நிலத்தில் தானியம் விளைந்தது, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார்கள், பழகியவர்களுக்குச் சிகிச்சை, பெரும் வியாபாரிகளுக்கு மரண தண்டனை வரை கடும் தண்டனை. அன்றைய கடுமைகள் எல்லாவற்றையும் நாம் இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் சில ஆண்டுகளில் ஒரு நூற்றாண்டுப் பிணி ஒடுங்கியது என்றால், விற்றவனையும் வாங்கியவனையும் அவர்கள் ஒரே தராசில் நிறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்று நம் நாட்டில்? 2019-ல் வெளியான மத்திய சர்க்காரின் கணக்கெடுப்பின்படி அபினி இனப் பொருள்களை உபயோகித்தவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். டிரமடால் என்ற வலி மருந்தை 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலோ டாபென்டடால் வாலிபர்கள் கையில் புழங்குகிறது. 2025 பிப்ரவரியில் ஒரு மும்பைக் கம்பெனியின் செய்தி உலகத்துக்குத் தெரிந்தது. டாபென்டடாலோடு இன்னொரு மருந்தைக் கலந்த மாத்திரைகளை கானா, நைஜீரியா நாடுகளின் தெருக்களுக்கு அது அனுப்பிக்கொண்டிருந்ததை பி.பி.சி. அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் சர்க்கார் அந்தக் கலவையின் ஏற்றுமதியை நிறுத்தியது. அன்று கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவுக்குச் செய்ததை, இன்று நம் நாட்டு முதலாளி ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்குச் செய்கிறான்! கொள்ளை லாபத்துக்கு நிறமும் இல்லை, தேசமும் இல்லை.

இரண்டு சந்தேகங்கள்

கூட்டத்துக்கு முன்பு ஓர் ஆசிரியத் தோழர் கேட்டார்: "இதையெல்லாம் விவரமாகச் சொன்னால், தெரியாத பிள்ளைக்கும் நாமே தெரியவைத்தது ஆகாதா?" நியாயமான கேள்வி. எங்கே கிடைக்கும், எப்படி உபயோகிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பாம்புக்கடிக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பாம்பு பிடிக்கப் போகிறார்களா? விஷம் தெருவுக்கு வந்துவிட்ட பிறகு, வகுப்பறை வாய்மூடி இருப்பது யாருக்கு லாபம்?

இன்னொரு தாயார் கேட்டார்: "என் மாமியாருக்குப் புற்றுநோய். மார்ஃபின் கொடுக்கிறார்கள். நிறுத்திவிடலாமா?" அம்மா, நிறுத்தாதீர்கள்! புற்றுநோய் வலிக்கு டாக்டர் மேற்பார்வையில் மார்ஃபின் அவசியமான மருந்து. 1985-ல் வந்த சட்டத்தின் கெடுபிடியால் எத்தனையோ ஏழை நோயாளிகள் துடித்துச் செத்தார்கள், 2014-ல்தான் திருத்தினார்கள். மருந்து எதிரியல்ல. மருந்தைச் சந்தைச் சரக்காக்கி, அளவில்லாமல் விற்றுக் காசு பார்க்கிற முறையே எதிரி. இந்த வித்தியாசமும் பாடத்தில் வர வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

2020-ல் மத்திய சர்க்கார் பள்ளிச் சுகாதாரத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் 11 பொருள்களில் போதைத் தடுப்பும் ஒன்று. காகிதத்தில் இருக்கிறது. வகுப்பறையில் அந்த மணி நேரத்தைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: சுகாதாரப் பாடத்துக்கு உரிய நேரம் வேண்டும். உறுதிமொழி வாசித்துக் கலைவது பாடமாகாது. டாக்டரோ நர்சோ வந்து, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு: காப்பாற்றும் முறையைக் கற்றுத்தர வேண்டும். தட்டி எழுப்பினாலும் எழவில்லை. மூச்சு மெதுவாக, குறட்டைபோல் இழுக்கிறது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கிறது. உதடும் நகமும் நீலமாகின்றன. இந்த அடையாளங்களைக் கண்டால் 108-க்குப் போன் செய். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவை. விட்டுவிட்டு ஓடாதே. என்ன சாப்பிட்டான் என்று டாக்டரிடம் மறைக்காதே. ஒவ்வொரு மாணவனும் வாய்ப்பாடு போல இதை அறிந்திருக்க வேண்டும்.

மூன்று: நலாக்சோன் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் தவறாமல் இருக்க வேண்டும்.

நான்கு: பழகிவிட்ட மாணவனுக்கு டி.சி. கூடாது, சிகிச்சை வேண்டும். தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. எத்தனை தலைமை ஆசிரியர்களுக்கு இது தெரியும்? 14446 என்ற இலவச உதவித் தொலைபேசி எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஐந்து: மருந்துக் கடைக்காரனோடு விசாரணை நிற்கக் கூடாது. எந்த ஆலையில் செய்தார்கள், எந்த மொத்த வியாபாரி அனுப்பினான், எந்த அதிகாரி கண்ணை மூடினார் என்று மேலே மேலே போக வேண்டும். பாடப்புத்தகம் எழுதும் வேலையில் மருந்துக் கம்பெனியின் காசு ஒரு பைசாவும் கலக்கக் கூடாது.

கடைசியாக, விளையாட்டு மைதானத்தை விற்றுவிட்டு, நூலகத்தைப் பூட்டிவிட்டு, படித்தவனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, "போதையை விடு" என்று வாலிபனிடம் சொல்ல எந்த சர்க்காருக்கும் முகம் கிடையாது. இதை நம் சங்கங்களும் மறக்கக் கூடாது.

தோழர்களே! அந்தச் சுமை தூக்கும் தோழர் இன்றும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார். சந்தாவைத் தவறாமல் கட்டுகிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன மாதம் அவருடைய தெருவிலேயே இன்னொரு வீட்டுப் பையன் பழகிவிட்டான் என்று தெரிந்தபோது, அவரே அந்தப் பையனின் தகப்பனை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். இந்தத் தடவை நான் பிரசங்கம் செய்யவில்லை. மூவரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம், பேசினோம், பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பையன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான், டி.சி. கொடுக்கவில்லை. திரும்பப் பழகமாட்டான் என்று நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. இந்த நோயில் பலர் வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்துதான் மீள்கிறார்கள். விழுந்தால் மறுபடியும் கூடப் போவோம்.

மாணவர்களே! உங்கள் நண்பன் கிடந்தால் ஓடாதீர்கள். ஆசிரியர்களே! அவன் வந்து சொன்னால் விரட்டாதீர்கள். பெற்றோர்களே! மறைக்காதீர்கள். விற்றவன் யார் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற பாடமே முழுமையான சுகாதாரப் பாடம். அத்தகைய பாடம் நம் பள்ளிகளில் வரும்வரை, நம் சங்க ஆபீசுகளும் வாலிபர் மன்றங்களும் அந்த வகுப்பை நடத்தட்டும்.